சோலார் வைக்கப் போய் டாங்க்கைத் தூக்கிய கதை

கோவையில் அப்பா கட்டிய பழைய வீடு. போன வருடம் இரண்டு பாத்ரூமையும் உடைத்துப் புதுப்பித்தோம். அதுவரை வெந்நீர் என்றால் பின்கட்டில் இருந்த செம்பு பாய்லர்தான். மட்டையும் கொட்டாங்குச்சியும் போட்டு அம்மா பற்றவைப்பார். இனி குனிந்து ஊத முடியாது என்று அம்மாவே சொன்னதால், 200 லிட்டர் கண்ணாடிக் குழாய் சோலாருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிளம்பர் மொட்டை மாடி ஏறிப் பார்த்தார். "ஏனுங்க, தண்ணி டாங்க் தரையோட உக்காந்திருக்குது, சோலாருக்கு எப்படிங்க ஏறும்?"

கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாதாரண சோலாரில் பம்ப் கிடையாது. டாங்க்கிலிருந்து தண்ணீர் தானாக இறங்கித்தான் அதை நிரப்ப வேண்டும். அதனால் டாங்க்கின் அடிமட்டமே சோலார் தொட்டிக்கு மேலே இருக்க வேண்டும். சோலார் தொட்டியோ ஸ்டாண்டில் ஐந்தடி உயரத்தில் நிற்கிறது.

அதே வாரம் பக்கத்து வீட்டு சோலாரை சர்வீஸ் செய்தார்கள். ஒரு குழாயை உருவிக் கவிழ்த்ததும், கரைத்த சுண்ணாம்பு மாதிரி இரண்டு கை உப்பு கொட்டியது. அவர்களுடையது போர் தண்ணீர். எங்கள் வீட்டில் சிறுவாணிக் குடிநீருக்கு 500 லிட்டர் டாங்க் தனி, உப்புத் தண்ணீருக்குத் தனி. நல்ல தண்ணீர் டாங்க்கை மட்டும் இரும்பு ஸ்டாண்டில் தூக்கி அதிலிருந்து சோலாருக்கு லைன் கொடுத்தோம். அதிலும் ஒரு வினை: மிக்சர் குழாயைத் திறந்தால், உயரத்திலிருந்து வரும் வெந்நீர் பச்சைத் தண்ணீர் லைனுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போனது. தண்ணீரை ஒரே பக்கமாக மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்ட பிறகுதான் அடங்கியது.

பின்பக்க பாத்ரூமுக்கு சோலார் லைன் இழுக்கவில்லை. 40 அடி முக்கால் இஞ்ச் பைப்பில் சுமார் மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீர் போன பிறகுதான் சூடு வரும். அங்கே 15 லிட்டர் கீசர் போதும். 2 கிலோவாட்டில் 20 நிமிடம். டைல்ஸ் ஒட்டும் முன்பே 16 ஆம்பியர் பாயிண்டும் வெந்நீர் தாங்கும் சிபிவிசி பைப்பும் சுவருக்குள் போட்டுவிட்டோம்.

—

உங்கள் பதிவைப் படித்தேன். நான் சென்னை, வாடகை வீடு. இடம் அடைக்காது என்று 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் வாங்கினேன். 3 கிலோவாட்தான், ஆனால் நல்ல சூடாக வேண்டுமென்றால் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர்தான் வரும். ஷவரை முழுதாகத் திறந்தால் வெதுவெதுப்பு. ஒரு வாளி நிறைய ஏழு நிமிடம் ஆகிறது, அதற்குள் காபியே குடித்துவிடலாம்.

—

குன்னூரிலிருந்து. எங்களுக்குக் கேஸ் கீசர். குளிருக்கு ஜன்னலை இறுக்கி மூடிக் குளித்த தங்கை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். கதவைத் தாழிடாததால் தப்பித்தோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மறுநாளே கீசரை வெளிச் சுவருக்கு மாற்றிவிட்டோம். பைப் மட்டும்தான் உள்ளே வருகிறது. யார் போட்டாலும் தயவுசெய்து இப்படிப் போடுங்கள்.

—

முதலில் எழுதிய அண்ணாவுக்கு: அந்தச் செம்பு பாய்லரை என்ன செய்தீர்கள்?

—

எடைக்குப் போடலாம் என்றேன், அம்மா விடவில்லை. நவம்பரில் நாலு நாள் மழை பிடித்துக்கொண்டு சோலார் படுத்தபோது அதைத்தான் பற்றவைத்தோம். வெந்நீரில் புகை வாசனை இருந்தது. அப்பா மட்டும் இரண்டு தடவை குளித்தார். அதற்கப்புறம்தான் சோலார் தொட்டிக்குள் ஹீட்டர் ராடு போட்டோம்.