தேரடி வீட்டுக் குழு: பெரியப்பாவின் பல்கேரியப் பெட்டி

தம்பி (சோபியா), காலை 6:48
அனைவருக்கும் வணக்கம். இங்கே அடுத்த மாதம் நடக்கவிருக்கும் நாணய ஏலத்தின் பட்டியலில் 1885ஆம் ஆண்டின் 5 லெவா (பல்கேரியாவின் பழைய பணம்; ஒன்றானால் லெவ்) வெள்ளிக் காசு ஒன்றைப் பார்த்ததும் பெரியப்பாவின் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. வருஷத் திதிக்கு ஊருக்கு வரும்போது அதை நான் எடுத்து வந்து இங்கே ஏலத்துக்குக் கொடுக்கலாமா? பெரியம்மா சம்மதித்தால் மட்டுமே.

அத்தை, 6:55
நல்ல யோசனை. பின்கட்டு ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது.

நடுச் சித்தப்பா, 7:02
பெட்டி யாருக்குச் சேர்ந்தது என்பதை முதலில் பேசிக்கொள்வோம்.

அக்கா (சென்னை), 7:03
பெரியம்மாவுக்கு. இதில் பேச என்ன இருக்கிறது?

நடுச் சித்தப்பா, 7:04
கேட்டேன், அவ்வளவுதான்.

சின்னச் சித்தப்பா, 7:21
பேச்சு வேறு பக்கம் போவதற்குள் பெட்டியில் இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். காரியம் முடிந்த மறுநாள் அண்ணி முன்னிலையில் ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதி வைத்தவன் நான்தான். எல்லாம் அண்ணன் கப்பலில் இஞ்சினியராக இருந்த காலத்தில் பல்கேரியத் துறைமுகங்களான வர்ணாவிலும் புர்காஸிலும் கரை இறங்கும்போதெல்லாம் சேர்த்தவை. 1912ஆம் ஆண்டின் 20 லெவா தங்கக் காசு, ஃபெர்டினாண்ட் மன்னர் தலை பொறித்தது, 6.45 கிராம். 1885ஆம் ஆண்டின் 5 லெவா, வெள்ளி, 25 கிராம். 1916ஆம் ஆண்டின் 1 லெவ், அதுவும் வெள்ளி. 1930ஆம் ஆண்டின் 10 லெவா வெள்ளியல்ல, செம்பும் நிக்கலும் கலந்தது. கடைசியாக, அண்ணன் சட்டையில் குத்திக்கொண்டு படம் எடுத்துக்கொண்ட பதக்கம்.

அத்தை, 7:24
பதக்கம்தான் விலை உயர்ந்தது. அரசாங்கமே கொடுத்தது என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

சின்னச் சித்தப்பா, 7:40
அக்கா, வருத்தப்படாதே. பல்கேரிய அரசு 681இல் தோன்றியதாகக் கணக்கிட்டு 1981இல் 1300ஆம் ஆண்டு விழா கொண்டாடினார்கள். அந்த விழாவை ஒட்டி ஏராளமானவர்களுக்கு வழங்கிய பதக்கம் இது. ஏலத்தில் ஆட்கள் போட்டி போடுவது மன்னராட்சிக் காலத்து விருதுகளுக்கு, அதாவது 1880இல் ஏற்பட்ட வீரத்துக்கான விருது, 1881இல் ஏற்பட்ட புனித அலெக்சாண்டர் விருது போன்றவற்றின் உயர் வகுப்புகளுக்குத்தான். அவற்றில் பல வியன்னாவில் செய்யப்பட்டவை. இன்னாருக்கு, இந்தப் போரில் கொடுத்தது என்ற காகிதமும் கூட வந்தால் விலையே வேறு.

அக்கா (சென்னை), 7:43
1916 என்பது நாங்கள் தாயக்கட்டத்தில் காயாக வைத்து ஆடிய காசா?

சின்னச் சித்தப்பா, 7:52
அதேதான். போர்க்காலத்தில் அச்சடித்த அந்த வெள்ளிக் காசுகளில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். ஆகவே பெட்டியில் இருக்கும் காசுகளிலேயே எடை குறைந்த அதைத்தான் நான் முதலில் ஒரு நிபுணரிடம் காட்டச் சொல்வேன். தங்கக் காசில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. 1912 என்று ஆண்டு போட்ட அதே காசை 1967-68இல் சோபியா அக்கசாலையில் மறுபடி அச்சடித்தார்கள், அண்ணன் வாங்கியதோ அதற்குப் பிறகு. எதுவானாலும் உள்ளே இருப்பது 5.8 கிராம் சுத்தத் தங்கம். ஆசாரி இரண்டுக்கும் ஒரே பணம்தான் கொடுப்பார், சேகரிப்பவர் கொடுக்கமாட்டார்.

அத்தை, 7:58
நூறு லெவா தங்கக் காசும் இருந்ததே. பாகப்பிரிவினைக்குப் பிறகு அதை நான் பார்க்கவில்லை.

நடுச் சித்தப்பா, 7:59
இதற்குத்தான் முதலிலேயே கேட்டேன்.

சின்னச் சித்தப்பா, 8:10
இருவரும் பொறுங்கள். நூறு லெவா என்பது 32 கிராம், நம் கணக்கில் நான்கு பவுன். கிரெம்னிட்சா அக்கசாலையில் 1894இல் அடித்தது மொத்தமே 2,500 காசுகள். 1912இல் அடித்தது 5,000. வர்ணாவில் ஒருவர் கைக்குட்டையை விரித்து அப்படி ஒன்றைக் காட்டினார் என்றுதான் அண்ணன் சொன்னாரே தவிர, வாங்கினேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய சம்பளம் நமக்குத் தெரியாததா?

தம்பி (சோபியா), 8:15
1885 காசின் விளிம்பைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா, அத்தை? ‘கடவுளே, பல்கேரியாவைக் காப்பாற்று’ என்ற எழுத்துகள் சுற்றிலும் இருக்க வேண்டும். இந்த ஆண்டு ஜனவரி 1 முதல் இங்கே யூரோ வந்துவிட்டது. 2 யூரோ காசின் விளிம்பிலும் அதே வாசகம்தான். பெரியப்பாவின் 10 லெவாவில் இருக்கும் மதரா குதிரைவீரன் (இங்கே மதராவில் பாறையில் செதுக்கிய பழைய சிற்பம்) இப்போது சென்ட் காசுகளில் இருக்கிறான். இன்று காலை ரொட்டிக் கடையில் மீதியாக நான்கு குதிரைவீரர்கள் கிடைத்தார்கள்.

அத்தை, 8:31
[படம்]

தம்பி (சோபியா), 8:33
எழுத்து தெரிகிறது. ஆனால் 140 ஆண்டுக் காசு ஏன் புதுக் குங்குமச்சிமிழ் மாதிரி மின்னுகிறது?

சின்னச் சித்தப்பா, 8:36
துலக்கியிருக்கிறார்கள்! வெள்ளியின் மேல் தானாகப் படிந்த கருமைதான் அதன் வயதுக்குச் சாட்சி. தேய்த்தால் மயிரிழை போன்ற கீறல்கள் விழும்; தரம் பார்க்கும் நிறுவனங்கள் அதற்கு மதிப்பெண் போடாமல் ‘துலக்கப்பட்டது’ என்று எழுதித்தான் உறையில் அடைப்பார்கள். அந்த ஒரு சொல்லில் விலை சரிந்துவிடும்.

நடுச் சித்தப்பா, 8:37
வெள்ளியைக் கண்டால் விபூதியைத் தேடுவது யார் வழக்கம் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அத்தை, 8:38
இந்த வீட்டில் குத்துவிளக்கைத் தவிர வேறெதையும் நான் துலக்கியதில்லை.

அக்கா (சென்னை), 8:50
துலக்கியது யாராக இருந்தாலும், தம்பி அதைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏற முடியாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயமும் தொல்பொருளே. அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லக் கூடாது. குதிரைவீரனுக்கு இன்னும் நான்கு ஆண்டு பாக்கி இருக்கிறது, அவன் மட்டும் போகலாம்.

நடுச் சித்தப்பா, 8:52
ஆக, விலை போகாதது மட்டும் போகலாம்.

சின்னச் சித்தப்பா, 9:01
அப்படியானால் இந்தியாவில் நடக்கும் ஏலத்தில்தான் கொடுக்க வேண்டும். பல்கேரியக் காசுக்கு உயிரைக் கொடுத்துக் கேட்பவர்கள் பல்கேரியர்கள். அவர்கள் இல்லாத இடத்தில் விலை கொஞ்சம் குறையலாம். குறைந்தபட்ச விலை எழுதி வாங்காமலும், ஏலக்காரரின் கழிவு எவ்வளவு என்று கேட்காமலும் கொடுத்துவிடக் கூடாது. அண்ணி என்ன சொல்கிறார்கள்?

அத்தை, 9:20
அண்ணிக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: “காசைத் துலக்கியது அவர்தான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஸ்பானர்களோடு சேர்த்து வைத்து, விபூதி போட்டுத் தேய்த்து, சந்தனப் பொட்டு வைப்பார். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம். பதக்கம் அவர் படத்துக்குக் கீழேயே இருக்கட்டும். மற்றதைத் திதிக்கு எல்லாரும் வரும்போது பார்க்கலாம்.”

நடுச் சித்தப்பா, 9:24
சரி, அண்ணி. திதிக்கு வருகிறேன். அக்கா, நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

சின்னச் சித்தப்பா, 9:26
1916 காசின் மேல் ஒரு பழுப்புத் திட்டு இருந்தது. துரு என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் அது காய்ந்த சந்தனம் என்று புரிகிறது. அதன் அடியிலாவது வெள்ளி பழைய நிறத்தில் இருக்கலாம். நான் வரும்வரை யாரும் அதைத் தொட வேண்டாம்.

அத்தை, 9:27
அதை நேற்றே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன்.