தேசியப் பள்ளிப் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

செந்தூல் அம்மா:
வணக்கம். மகன் மலேசியாவில் தேசியப் பள்ளியில், அதாவது மலாய்வழிப் பள்ளியில், இரண்டாம் ஆண்டு. வீட்டில் தமிழ்தான் பேசுகிறான். அ முதல் ஃ வரை பாட்டாகச் சொல்வான். ஒரு சொல்லைக் காட்டினால் வாசிக்க வராது. பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. கேட்டால் கொடுப்பார்களா? வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

பெற்றோர் சங்கம், கோலாலம்பூர்:
தாராளமாகக் கேளுங்கள். ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்க வசதி செய்யவேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. 15 பேர் பள்ளி முழுவதற்குமான கணக்கு. ஒரே வகுப்பில் இருக்கத் தேவையில்லை. இது தெரியாமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கடிதத்தை மலாயில் எழுதி, பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் கையெழுத்து சேர்த்துத் தலைமையாசிரியரிடம் நேரில் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக் கால அட்டவணை போடுவதற்கு முன்பே கேட்பது நல்லது. வகுப்பு நேரத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். பள்ளி முடிந்தபின் வைத்தால் பள்ளிப் பேருந்தில் போகும் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், வகுப்பும் கரைந்துவிடும். சலுகை கேட்பதாக நினைத்துத் தயங்காதீர்கள். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816இல் தமிழ் வகுப்பு தொடங்கிய நாடு இது.

தமிழாசிரியை, பினாங்கு:
சகோதரி, வகுப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். 247 எழுத்து அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். ட, ப, ம, க நான்கும் மெய்ப்புள்ளியும் போதும்: படம், மடம், பட்டம், கட்டம், பக்கம். முதல் வாரமே சொல் வாசித்தால் பிள்ளைக்கு ஆசை வரும். அடுத்து துணைக்கால்: பாடம், காகம். பிறகு இகர, ஈகாரக் குறிகள். உகரத்தைப் பின்னால் வையுங்கள். கு, பு, து, மு என்று ஒவ்வொன்றும் வேறு வடிவம், தனித்தனியாகத்தான் பழகவேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறும் இடம் ெ, ே, ை. மலாயில் கண் பார்க்கும் வரிசையிலேயே ஒலி வரும். 'மேகம்' என்பதில் கொம்பு முன்னால் நின்றாலும் ஒலி 'ம'வுக்குப் பின்தான். கொம்பை விரலால் மறைத்து 'ம' சொல்லவைத்து, விரலை எடுத்து 'மே' சொல்லவையுங்கள்.

"காகத்தில் ஏன் இரண்டு க-வும் வேறு சத்தம்?" என்று கேட்பான். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் அழுத்தி ஒலிக்கும் (கடல், பக்கம்). ங்-குக்குப் பின்னும் (தங்கம்) இரு உயிரொலிகளுக்கு நடுவிலும் (பகல்) மெலியும். ஆனால் எழுத்துக்குக் கீழே ரோமன் எழுத்தில் எழுதிக்கொடுக்காதீர்கள். கண் அங்கேயே போய்விடும், தமிழ் எழுத்து மனத்தில் பதியாது.

தினம் பத்து நிமிடம் போதும். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பது பயன் தராது.

செந்தூல் அம்மா:
மிக்க நன்றி டீச்சர். ல, ள, ழ குழப்பத்தை உடனே திருத்தவேண்டுமா?

தமிழாசிரியை, பினாங்கு:
வாசிக்கும்போது நிறுத்தித் திருத்தாதீர்கள், ஓட்டம் அறுந்துவிடும். முடித்தபின் மலை, மழை என்று ஜோடியாக எழுதிக் காட்டுங்கள்.

பங்சார் வாசகர்:
ஒன்று சேர்க்கிறேன், அக்கா. வீட்டில் 'வந்துட்டாங்க' என்கிற பிள்ளை, புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' என்று பார்த்தால் வேறு மொழி என்றே நினைக்கும். அவன் பேசுவதை அப்படியே எழுதி, பக்கத்தில் எழுத்து வழக்கையும் எழுதுங்கள்: 'அப்பா பசியாறிட்டாங்க', 'அப்பா பசியாறிவிட்டார்'. கைப்பேசியில் தட்டச்சுப் பழக்கினால் தமிழ்99 விசைப்பலகையைக் கொடுங்கள். 'அஞ்சல்' என்ற இன்னொரு தட்டச்சு முறை நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியது, பெரியவர்களுக்கு மிக வசதி. ஆனால் ரோமன் ஒலிப்பை வைத்து அடிப்பதால், எழுத்துப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தே தெரியும் விசைதான் உதவும்.