டீசல் கேனும் முன்ஜாமீனும்

ராயபுரம் அத்தை: நேற்று ராத்திரி தண்டையார்பேட்டையில் தம்பியின் ஷெட்டில் போலீஸ் வந்து டீசல் கேன், கை பம்பு, மினி வேன் எல்லாம் எடுத்துப் போய்விட்டார்கள். தம்பி போன் ஸ்விட்ச் ஆஃப். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வியாசர்பாடி மாமா: லோக்கல் ஸ்டேஷனா?

ராயபுரம் அத்தை: இல்லை, அத்தியாவசியப் பொருள் பதுக்கலைப் பிடிக்கும் குடிமைப்பொருள் சி.ஐ.டி. போலீஸாம்.

வக்கீல் அக்கா: பயப்படாதீர்கள் அத்தை. எஃப்.ஐ.ஆர். காப்பி கிடைத்தால் போட்டோ அனுப்புங்கள். அத்தியாவசியப் பொருட்கள் சட்டம், 1955, பிரிவு 7 போட்டிருப்பார்கள். ஏழு வருடம் வரை தண்டனை உண்டு.

வியாசர்பாடி மாமா: 2,500 லிட்டர் வரை டீசலுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே?

வக்கீல் அக்கா: அது பெட்ரோலியம் சட்டத்தில் சேமிப்புக்குச் சொன்னது மாமா. அதிலும் ஒரு கலன் 1,000 லிட்டரைத் தாண்டக் கூடாது. அதை வைத்துக்கொண்டு லாரிக்காரர்களுக்கு விற்க முடியாது.

தம்பி: அக்கா, நான் நெல்லூரில் இருக்கிறேன். முன்ஜாமீன் கிடைக்குமா?

வக்கீல் அக்கா: கேட்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 438, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டம் பிரிவு 482. முதலில் செஷன்ஸ் கோர்ட், தள்ளுபடியானால் ஹைகோர்ட். எவ்வளவு டீசல், எங்கே வாங்கினாய், பழைய கேஸ் உண்டா என்று கேட்பார்கள். மறைக்காமல் எல்லாவற்றையும் என்னிடம் சொல். ஏழு வருடம் வரையிலான வழக்கு என்பதால், அவசியம் இல்லாமல் கைது செய்யாமல், முதலில் ஆஜராக நோட்டீஸ் தர வேண்டும் என்று 2014-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. நீ ஓடினால் அந்த வாதமே போய்விடும். இன்றே கிளம்பு.

தம்பி: வேன்?

வக்கீல் அக்கா: அது தனி. பறிமுதல் கலெக்டர் முடிவு. ஜாமீன் கிடைத்தாலும் வண்டி தானாக வராது. ஜாமீன் நிபந்தனையாக ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொன்னால் ஒரு நாள்கூட விடாதே.

இன்னொன்று. போன மாதம் வந்தபோது, குழந்தைகள் தூங்கும் அறைச் சுவரை ஒட்டி ஆறு கேன் இருந்தது. மூடிக்குப் பதில் துணி திணித்திருந்தாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கேஸ் எப்படி முடிந்தாலும் அந்தத் தொழில் வேண்டாம்டா.

தம்பி: சரிக்கா. ராத்திரி ரயிலில் வருகிறேன்.

வக்கீல் அக்கா: காலை 10 மணிக்கு ஹைகோர்ட் என்.எஸ்.சி. போஸ் ரோடு வாசலில் நில். அத்தை, ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது கொடுத்து அனுப்புங்கள்.

வியாசர்பாடி மாமா: ஜாமீனுக்குப் பொறுப்பேற்கும் சூரிட்டியாக நான் வருகிறேன்.