ராஜவீதிப் பக்கம் 1937ஆம் ஆண்டு வீட்டின் மாடியை வாங்கலாமா? சுவர் ஈரம் பற்றி உதவி தேவை

கேட்பவர்: சாரல்

வணக்கம். கோவை ராஜவீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பழைய வீட்டின் மாடியை மட்டும் விலை பேசிக்கொண்டிருக்கிறோம். 480 சதுர அடி. ஒரு கூடம், ஓர் அறை, சமையற்கட்டு, தெருவைப் பார்த்த வராந்தா. கீழே நகைப் பட்டறை. விற்பவரின் தாத்தா 1937இல் கிரயம் வாங்கிக் கட்டியது. கடை, கோயில், பஸ் எல்லாமே நடக்கிற தூரம். வண்டி நிறுத்த இடமில்லை என்பது தெரியும். அதைப் பற்றி யாரும் எழுத வேண்டாம்.

என் சந்தேகம் சுவர் பற்றியது. மேற்குச் சுவரில் பூச்சு உப்பி நிற்கிறது. தட்டினால் டப்டப் என்று கேட்கிறது. கூரை, தேக்கு உத்தரக் கட்டைமேல் செங்கல் அடுக்கியது. ஓரிடத்தில் பொடி உதிர்கிறது. படங்கள் இணைத்திருக்கிறேன். சரிசெய்ய முடியுமா, அல்லது ஒதுங்கிவிடலாமா? விலை 34 லட்சம் சொல்கிறார். மாடி தன் பங்கு, கீழ்த்தளம் தம்பி பங்கு என்கிறார்.

பதில்: காரைக்கட்டு

படங்களைப் பார்த்தேன். சுவர் சுண்ணாம்புக் காரை. அதன்மேல் பிற்பாடு யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். கோளாறு அங்கேதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதற்கு வழிவிடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் சாரல் முதலில் அடிப்பது மேற்குச் சுவரில். விரிசல் வழியே உள்ளே போன நீர் வெளியே வர முடியாமல் பூச்சைத் தள்ளுகிறது. சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பிலேயே திரும்பப் பூசினால் சரியாகும். நீர்புகாப் பெயிண்ட் அடித்தால் போதும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நான் பயப்படுவது கூரைக்குத்தான். அது மெட்ராஸ் டெரஸ். பொடி உதிர்வதில் பாதகமில்லை. உத்தரக் கட்டை சுவருக்குள் நுழையும் முனையைப் பாருங்கள். நடுவில் இரும்பு மாதிரி இருக்கும் கட்டை, முனையில் மட்டும் இற்றுப்போயிருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். வெண்ணெய் போல இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றியே ஆக வேண்டும். ஒன்றிரண்டு என்றால் சமாளிக்கலாம். மேற்குப் பக்க முனைகள் எல்லாமே அப்படி என்றால் விலையை வேறு மாதிரி பேசுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்

அம்மணி, சுவர் கிடக்கட்டும். "மாடி என் பங்கு" என்று எழுதிய பதிவுப் பத்திரம் இருக்கிறதா? தாத்தா எப்போது காலமானார், உயில் எழுதினாரா, பெண்மக்கள் எத்தனை பேர்?

சாரல்

ஐயா, பாகப்பிரிவினைப் பத்திரம் எதுவும் இல்லை. அண்ணனும் தம்பியும் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டார்களாம். தாத்தா தறிக்காசில் தானே வாங்கிய வீடு. 1961இல் காலமானார், பாட்டி அதற்கு முன்பே. தாத்தாவுக்குப் பெண்கள் இருவர்: ஓர் அத்தை பொள்ளாச்சியில் இருக்கிறார், மற்றவர் காலமாகி, அவருடைய பிள்ளைகள் ஈரோட்டில். விற்பவரின் பெற்றோரும் இல்லை. தாராபுரத்தில் அவருக்கு ஓர் அக்கா. எவருமே உயில் எழுதவில்லை. "எல்லோருக்கும் சீர் செய்தாகிவிட்டது, யாரும் கேட்க மாட்டார்கள்" என்கிறார்.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்

சீர் வேறு, பங்கு வேறு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்துவிட்டது. 1961இல் உயிலில்லாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல உரிமை தந்த 2005 திருத்தம் வரை காத்திருக்க வேண்டிய வழக்கே அல்ல இது. கணக்கைப் பாருங்கள்: தாத்தாவின் மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்றில் ஒன்று. விற்பவரின் அப்பாவுக்கு வந்த அந்த ஒன்றில் அண்ணன், தம்பி, அக்கா மூவர். ஆக, பாதி வீட்டை விற்கக் கிளம்பியவருக்கு உள்ளது ஒன்பதில் ஒரு பங்கு.

அந்தப் பங்கை மட்டும் வாங்கினால் என்ன ஆகும்? பிரிபடாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்கு, மற்றவர்களோடு கூட்டாக அனுபவிக்கும் உரிமை கிடையாது. 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டம், 44ஆம் பிரிவு. பாகம் கேட்டு நீங்கள் வழக்குப் போட்டால், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி குடும்பத்தார் உங்கள் பங்கை நீதிமன்றம் வைக்கும் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். 34 லட்சம் கொடுத்துவிட்டு வராந்தாவில்கூட நிற்க முடியாது.

வழி இருக்கிறது. பொள்ளாச்சி அத்தை, ஈரோட்டுப் பிள்ளைகள், தாராபுரம் அக்கா எல்லோரும் அண்ணன் தம்பிக்கு தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுக்கட்டும். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் உச்சவரம்பு உண்டு; இந்த உறவுகள் எல்லோருக்கும் அது பொருந்துமா என்று சார்பதிவாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு சகோதரர்கள் பாகப்பிரிவினை பதிவு செய்யட்டும். அதில் படிக்கட்டு, மொட்டைமாடி, சாக்கடை வழி யாருக்கு என்று எழுத வேண்டும். மனையில் உங்களுக்குப் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்பதும் உங்கள் கிரயப் பத்திரத்தில் வர வேண்டும். இத்தனை பழைய கட்டடம் நாளைக்கு விழுந்தால் மிச்சம் மனைதான்.

வில்லங்கச் சான்று 1937 முதல் போடுங்கள். இணையத்தில் வராத ஆண்டுகளுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். ஆனால் வில்லங்கம் சுத்தம் என்றால் எல்லாம் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். வாய்ப்பேச்சுப் பிரிவினையும் பதியாத உயிலும் அதில் வராது. கோயில் சுற்றுவட்டாரம் என்பதால் மனை தேவஸ்தானத்துக்குச் சொந்தமா என்பதையும் நகர நில அளவைப் பதிவேட்டில் பார்த்துவிடுங்கள்.

பதில்: சுக்கிரவார்பேட்டைவாசி

கடன் வாங்கப்போகிறீர்களா? பழைய கட்டடம் என்றாலே வங்கியின் மதிப்பீட்டாளர் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்றுதான் முதலில் பார்ப்பார். எங்களுக்கு ஒரு வங்கி கையை விரித்துவிட்டது. இன்னொன்று பொறியாளரின் உறுதிச் சான்றுக்குப் பிறகு குறைத்துக் கொடுத்தது. முன்பணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சாரல்

எல்லோருக்கும் நன்றி. விற்பவரிடம் சொன்னேன். "அத்தையிடம் கையெழுத்துக் கேட்டால் குடும்பத்தில் கலகம் வரும்" என்று முதலில் முகத்தைத் தூக்கினார். முன்பணம் கிடையாது என்றதும், ஆடி போகட்டும், ஆவணியில் பொள்ளாச்சி போய்ப் பேசுகிறேன் என்று இறங்கி வந்தார். வீட்டுச் சாவியை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

காரைக்கட்டு

சாவி கையில் இருக்கும்போதே ஆடிச் சாரலில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஈரம் ஏறிய இடங்களின் ஓரத்தைச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வெயிலடித்த பிறகு மறுபடி பாருங்கள். கோட்டுக்குள் காய்ந்திருந்தால் பூச்சு வேலையோடு முடியும். காயாமல் கீழே இறங்கிக்கொண்டே வந்தால் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கும். அது பாகப்பிரிவினைக்கு முன்பே தம்பியும் சேர்ந்து செய்ய வேண்டிய செலவு.