போட்டி நிறுவனத்தின் கையேட்டில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்டலாமா?

தொழிற்சாலைகளுக்கு சென்சார் விற்கும் பணியில் இருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் எங்கள் கருவியையும் போட்டி நிறுவனம் ஒன்றின் கருவியையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பொருத்தப்போகும் இடம், மழைக்காலத்தில் நீர் நிறையும் தரையடிக் குழி. அவர்களுடைய கையேட்டில் ஐபி65 (தூசும் நீரும் உள்ளே புகாமல் கருவி எந்த அளவுக்குத் தாங்கும் என்பதைக் காட்டும் தர எண்) என்று போட்டு, அதன் கீழேயே ‘நீரில் மூழ்கினாலும் இயங்கும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். இந்த எண்களை வரையறுக்கும் ஐஈசி 60529 என்ற சர்வதேசத் தரப்படி, இரண்டாம் இலக்கமான 5 பீய்ச்சியடிக்கும் நீரைத் தாங்குவதற்குத்தான். மூழ்குவதற்கு 7 வேண்டும்; அதுவும் 1 மீட்டர் ஆழம், 30 நிமிடம் என்ற கணக்கில்தான்.

அந்தக் கருவியைப் பற்றி என் கருத்து என்ன என்று வாடிக்கையாளர் மின்னஞ்சலிலேயே கேட்டுவிட்டார். அடுத்த வாரம் முடிவெடுக்கிறார்கள்.

எங்கள் சோதனைச் சான்றிதழை மட்டும் அனுப்பிப் பார்த்தேன், “அது சரி, அவர்களுடையது எப்படி?” என்று மறுபடியும் அதே கேள்வி. இரு தரப்பிடமும் ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள் என்றேன்; கையேடே போதும் என்கிறார். போட்டி நிறுவனத்துக்கே எழுதினேன், பதில் இல்லை. என் மேலாளரோ, “நல்ல வாய்ப்பு, விட்டுவிடாதே” என்கிறார். இதுதான் அதிகம் உறுத்துகிறது. வெறும் அச்சுப்பிழையாக இருந்து, கருவி உண்மையில் ஐபி67 ஆகவே இருக்கலாம். நான் அதைச் சோதித்ததில்லை. ஆர்டர் கிடைத்தால் ஆதாயம் எனக்கு. பேசாமல் இருந்தாலோ, குழியில் நீர் ஏறும் நாளில் நஷ்டம் வாடிக்கையாளருக்கு.

விற்பனைத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: அந்தக் கையேட்டு வரியை நிறுவனத்தின் பெயரோடு எழுத்தில் சுட்டிக்காட்டுவீர்களா, தர எண்களின் பொருளை மட்டும் விளக்கிவிட்டு நிறுத்திக்கொள்வீர்களா?