ஆச்சி வீட்டு வாசல் (குடும்பக் குழு)

*வெள்ளி, மாலை*

கார்த்தி: [படம்]

கார்த்தி: பெரிய மாமா, இதக் கொஞ்சம் பாருங்க. அலாய் வீலு ஓட்டை வழியா எடுத்தேன். பிரேக் கேலிப்பர் முழுக்க துரு. வண்டி நல்லாத்தான் ஓடுது, பாக்கத்தான் சகிக்கல

பெரிய மாமா: தூத்துக்குடில கடலுக்கு இம்புட்டு கிட்ட வாசல்ல நிறுத்துற வண்டி. வீலோட சுத்துற டிஸ்க்கக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர் வார்ப்பிரும்பு. உப்புக்காத்து பட்டா துரு ஏறத்தான் செய்யும் மாப்ள. இது மேல்துரு. இதனால பிரேக்குக்கு ஒண்ணும் ஆவாது

கார்த்தி: வீட்டுலயே சிவப்பு பெயிண்ட் அடிக்கலாம்னு இருக்கேன் மாமா. நாளைக்கு லீவு

அம்மா: பிரேக்குல எதுக்குல கை வைக்க? அண்ணே நீங்க சொல்லுங்க அவன்ட்ட

பெரிய மாமா: தாயி பயப்படாத. பெயிண்ட் அடிக்கிறதுல தப்பில்ல. எங்க அடிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சிருந்தா போதும். நான் சொல்லித் தாரேன்

சங்கர் அத்தான்: கேட்டுக்கு அடிச்ச சிவப்பு எனாமல் மீதி இருக்குமே, அதயே அடிச்சிருடா

பெரிய மாமா: வேண்டாம் சங்கர். பிரேக்குங்கிறதே ஓட்டத்தைச் சூடா மாத்துற வேலை. கொடைக்கானல் மலை இறங்கும்போது டிஸ்க்கு நூத்துக்கணக்கான டிகிரி ஏறும். பக்கத்துல இருக்க கேலிப்பரும் நல்லாவே சுடும். கேட்டு பெயிண்ட் அங்க நிறம் மங்கி, பொரிஞ்சு, பத்தையா உரிஞ்சிரும். இன்னொண்ணு, பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் சாதா பெயிண்ட கரைச்சு எடுத்துரும்

பெரிய மாமா: கேலிப்பர் பெயிண்ட்னே கேட்டு வாங்கு. எம்புட்டு சூடு தாங்கும்னு டப்பாவுலயே போட்டிருப்பான். ஸ்பிரே வேண்டாம், பிரஷ்ல அடிக்கிறதா வாங்கு. ஸ்பிரேன்னா டிஸ்க்கு, ஹோசு, ஃபெண்டர்னு பாதி வண்டிய மூடணும்

கயல்: அண்ணா மஞ்சள் அடி. போர்ஷேல மஞ்சள் கேலிப்பர்னா செராமிக் டிஸ்க்னு அர்த்தம் தெரியுமா? ஹைப்ரிட் வண்டின்னா ஆசிட் பச்சை. டங்ஸ்டன் கார்பைடு பூசின டிஸ்க்னா வெள்ளை

கார்த்தி: நம்மது ஸ்விஃப்ட்டு கயலு. சிவப்புதான்

சங்கர் அத்தான்: சிவப்பு அடி, ஆனா ஆன்லைன்ல விக்கிற பிரெம்போ ஸ்டிக்கர மட்டும் ஒட்டாத. இத்தாலில 1961ல ஆரம்பிச்ச, பிரேக்குக்குப் பேர்போன கம்பெனி அது. அந்தப் பேர நம்ம கேலிப்பர் மேல ஒட்டுனா வண்டிய அடுத்து வாங்குறவன ஏமாத்துற மாதிரி ஆயிரும்

பெரிய மாமா: சரியாச் சொன்ன. பெயிண்ட் அடிச்சதுனால ஒரு அடி தூரம்கூட முன்னால நிக்காது. துரு ஏறாம காக்கும், கண்ணுக்கு நல்லாருக்கும். அம்புட்டுதான் அதோட வேலை

சங்கர் அத்தான்: மாமா, கழட்டி எடுத்துட்டுப் போயி பவுடர் கோட்டிங் குடுத்தா இன்னும் நல்லாருக்குமே?

பெரிய மாமா: அது அடுப்புல வச்சுச் சுடுற வேலைப்பா. 180, 200 டிகிரில. உள்ள இருக்க பிஸ்டன், ரப்பர் சீலு எல்லாத்தையும் கழட்டிட்டுத்தான் குடுக்கணும். பிரேக் லைனத் திறந்தா காத்து புகுந்துரும், அப்புறம் பிளீடிங் பண்ணி அந்தக் காத்த வெளிய எடுக்கணும். வீட்டுல வேண்டாம். ஹோசைக் கழட்டாம, இருந்த இடத்துலயே அடி

அத்தை: கார்த்தி, மாஸ்க் போட்டுக்கோ கண்ணு. அந்தக் கருப்புத் தூசி நெஞ்சுக்கு ஆவாது. உங்க மாமா ஒர்க்‌ஷாப்ல இருந்த காலம் பூரா இருமிக்கிட்டே கெடந்தாங்க

பெரிய மாமா: அத்தை சொல்றதக் கேளு. வாயால ஊதாத, ஏர் அடிக்காத. தண்ணி தெளிச்சு நனைச்சுத் தொடச்சு எடு

*சனி, காலை*

கார்த்தி: [படம்]

கார்த்தி: முன் வலது வீல் கழட்டியாச்சு மாமா

பெரிய மாமா: ஜாக்கில மட்டும்தான் நிக்குதா? ஸ்டாண்டு எங்க?

கார்த்தி: எதிர்வீட்டு அண்ணன்ட்ட ரெண்டு ஸ்டாண்டு வாங்கிப் போட்டுட்டேன். படத்துல மறைஞ்சிருக்கு. பின்வீலுக்கு ரெண்டு பக்கமும் கல்லு, ஹேண்ட் பிரேக்கும் போட்டாச்சு

பெரிய மாமா: நல்லது. கழட்டுன வீலையும் வண்டிக்கு அடியில படுக்க வச்சிரு. எது சரிஞ்சாலும் அது தாங்கும். செங்கல், ஹாலோ பிளாக்குன்னு எதையும் முட்டுக் குடுக்காத, சொல்லாம கொள்ளாம நொறுங்கிரும்

பெரிய மாமா: இப்ப பிரஷ்ஷத் தொடாத. முதல்ல டிஸ்க்குல அழுந்துற பிரேக் பேட காட்டு. உள்பக்கத்துதும் வெளிப்பக்கத்துதும் ஒரே படத்துல தெரியணும்

கார்த்தி: [படம்]

கார்த்தி: வெளிப்பக்கம் நல்ல கனமா இருக்கு. உள்பக்கம் ரொம்ப மெலிசு. பாதிகூட இல்ல

பெரிய மாமா: அப்படிச் சொல்லு. வீடியோ கால் வாரேன்

*தவறிய வீடியோ அழைப்பு*

கார்த்தி: கை பூரா கருப்பு மாமா, ஒரு நிமிசம்

*சனி, முற்பகல்*

அம்மா: என்ன பேசுனீங்க ரெண்டு பேரும்? அவன் டூவீலர எடுத்துட்டு ஸ்பேர் கடைக்கு ஓடுறான்

பெரிய மாமா: எல்லாருக்குமா சொல்றேன், கேட்டுக்கோங்க. இந்த வண்டில பிஸ்டன் ஒரே பக்கம்தான். அது உள்பேட டிஸ்க்குல அமுக்கும். அப்ப கேலிப்பர் தன்னால நகந்து வந்து வெளிப்பேடயும் இழுத்து அமுக்கணும். அது நகர்றதுக்கு ரெண்டு பின்னு இருக்கு, ஸ்லைடு பின்னு. கார்த்தி வண்டில கீழ்ப்பின்ன மூடியிருக்க ரப்பர் உறை, பூட்டுன்னு சொல்லுவோம், அது கிழிஞ்சு, தண்ணியும் உப்பும் உள்ள போயி பின்னு இறுகிப் போச்சு. கேலிப்பர் நகரல. உள்பேடே எல்லா வேலையும் பாத்து தேஞ்சிருக்கு

சங்கர் அத்தான்: ஓட்டும்போது தெரியாதா மாமா?

பெரிய மாமா: மெதுவா நடக்கிறது, தெரியாது. இன்னும் கொஞ்ச நாள் போனா பேடு தீந்து இரும்புல இரும்பு உரசும். டிஸ்க்கும் போயிரும். மழையில சடன் பிரேக் போட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்கவும் செய்யும். வெளிய இருந்து பாத்தா அழகா சிவப்பா மின்னும், உள்ள பின்னு செத்திருக்கும். அதனாலதான் பேட முதல்ல காட்டச் சொன்னேன்

அம்மா: நேத்து வேண்டாம்னு சொன்னேன்ல. கழட்டுனதே நல்லதாப் போச்சுண்ணே

கார்த்தி: வாங்கிட்டேன் மாமா. பின்னு, பூட்டு கிட்டு, பேடு செட்டு, பிரேக் கிளீனர். கடைக்காரர் சாதா கிரீஸ் போதும்ங்கிறாரு

பெரிய மாமா: ஆவாது. சிலிகான் கிரீஸ்தான் வேணும். சாதா கிரீஸ் பட்டா அந்த ரப்பர் ஊதிப் போயி பின்ன மறுபடி கவ்விக்கும். பேடு ரெண்டு பக்கத்து வீலுக்கும் சேத்து மாத்து. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னு விடாத

கார்த்தி: சரி மாமா. துரு எடுக்க மண்ணெண்ணெய் இருக்கு, போடலாமா?

பெரிய மாமா: மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் எதுவும் டிஸ்க்கு பக்கம் வரக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு தங்கும். பேடுல ஏறிச்சுன்னா பிரேக்கு வழுக்கும், பெயிண்டும் ஒட்டாது. கம்பி பிரஷ் போட்டு உதுக்கிறத உதுத்துட்டு, உப்புத்தாள் தேச்சு, கடைசியா பிரேக் கிளீனர் அடிச்சுத் தொடை. அதுக்கப்புறம் வெறும் கையால தொடாத

பெரிய மாமா: பின்னு ரெண்டும் உருவும்போது கேலிப்பர் தனியா வந்துரும். ஹோசுல தொங்க விட்றாதய்யா. கம்பி போட்டு மேல ஸ்பிரிங்குல கட்டு. ஹோசு உள்ளுக்குள்ள விண்டுருச்சுன்னா வெளிய தெரியவே தெரியாது

*சனி, மதியம்*

கார்த்தி: [படம்]

கார்த்தி: புதுப் பின்னு போட்டாச்சு, ஒரு விரலால தள்ளுனாலே வழுக்கிட்டுப் போகுது 😊 மாஸ்கிங் டேப்பும் ஒட்டிட்டேன். சரியா பாருங்க

பெரிய மாமா: பெரிசாக்கிப் பாத்தேன். காத்து எடுக்குற பிளீடர் நிப்பிள் மூடியிருக்க, சரி. பின் பூட்டு, பிஸ்டன் பூட்டு, ஹோசு, ஏபிஎஸ் சென்சார் வயரு எல்லாம் சரி. ஆனா பிராக்கெட்டுல பேடு உக்காருற காடி திறந்து கெடக்கு பாரு. அதுல டேப் ஒட்டு. அங்க பெயிண்ட் ஏறுச்சுன்னா பேடு இறுகி டிஸ்க்க விட்டு விலகாது. உரசிக்கிட்டே ஓடி சூடாவும், மைலேஜும் போவும்

பெரிய மாமா: டிஸ்க்கு நடுவுல வீலு வந்து உக்காருற முகம் இருக்குல்ல, அங்கயும் ஒரு பொட்டு படக்கூடாது. பெயிண்ட் இருந்தா ஓட ஓட அது நசுங்கி நட்டு லூசாவும். உரசுற இடம், நகர்ற இடம், இறுக்குற இடம், மூணுலயும் பெயிண்ட் கூடாது. மத்த இடம் பூரா உன் இஷ்டம்

கார்த்தி: காடிய மூடிட்டேன். அடிக்க ஆரம்பிக்கேன்

பெரிய மாமா: மெலிசா அடி. முதல் கோட்டுல அடி இரும்பு தெரியத்தான் செய்யும். அதுக்காக அப்பிறாத, ஒழுகி கட்டி தட்டிரும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் எம்புட்டு நேரம்னு டப்பாவுல போட்டபடி விடு

கயல்: பின்னாடி வீலுக்கு?

கார்த்தி: பின்னாடி டிரம் பிரேக்கு கயலு, கேலிப்பரே கெடையாது

பெரிய மாமா: அந்த டிரம்முக்கு வெளிப்பக்கம் கருப்பு அடிச்சிரு. துருவும் நிக்கும், பார்வைக்கும் அடக்கமா இருக்கும்

அம்மா: சோறு ஆறுது. கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு வா

*சனி, இரவு*

கார்த்தி: [படம்] [படம்]

கார்த்தி: மூணு கோட்டு ஆச்சு

சங்கர் அத்தான்: டேய் சூப்பரா இருக்குடா! ஷோரூம் வண்டி மாதிரி

அத்தை: அழகா இருக்கு கண்ணு

பெரிய மாமா: ஓரம்கூட பிசிறில்லாம வந்திருக்கு. ராத்திரி பூரா ஸ்டாண்டுலயே நிக்கட்டும். மேல தார்ப்பாய் போடு, பனி இறங்கும். பெயிண்ட் காயிறது வேற, இறுகுறது வேற. ஓட்டி ரெண்டு மூணு தடவ சூடு ஏறி ஆறுனாத்தான் முழுசா இறுகும். அதுவரைக்கும் பிரஷர் வாட்டர் அடிக்காத

கார்த்தி: பிஸ்டன உள்ள தள்ளுனப்ப பிரேக் ஆயில் டப்பாவுல அளவு ஏறிச்சு மாமா. வழியிறதுக்குள்ள சிரிஞ்சுல கொஞ்சம் எடுத்துட்டேன். காப்பி டிகாஷன் நிறத்துல இருக்கு

பெரிய மாமா: அப்ப ஆயில் மாத்துற நேரமும் வந்தாச்சு. அது காத்துல இருக்க ஈரத்த உறிஞ்சும். டாட் 4ங்கிற வகை பிரேக் ஆயில் புதுசுல 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறுனா 155லயே கொதிக்கலாம். மலைல அப்படி ஆச்சுன்னா பெடல் தரை வரைக்கும் போயிரும். இத நீ பண்ணாத. திங்கக்கிழமை ஒர்க்‌ஷாப்ல விட்டு மாத்திரு

*ஞாயிறு, மாலை*

கார்த்தி: வீல் மாட்டிட்டேன் மாமா. நட்டு எதிரெதிரா முறுக்கி, தரைல இறக்கி டார்க் ரெஞ்சு வச்சு மேனுவல்ல போட்ட அளவுக்கு இறுக்கியாச்சு. ஒரு ரவுண்டு போயிட்டு வரவா?

பெரிய மாமா: நில்லு. எஞ்சின் போட்டு, வண்டிய நகத்தாம பிரேக் பெடல மிதி. முதல் மிதி தரைக்குப் போவும், பயப்படாத, தள்ளுன பிஸ்டன் திரும்ப வெளிய வரணும். பெடல் கெட்டியாகுற வரைக்கும் மிதிச்சுட்டு அப்புறம் கியர் போடு. இத மறந்துட்டுத் தெருவுல இறங்குனா முதல் பிரேக்கே பிடிக்காது

கார்த்தி: மிதிச்சுட்டேன். கெட்டியா நிக்குது

பெரிய மாமா: ஆயில் டப்பாவுல மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவுல நிக்குதா பாத்துக்கோ. கூட்டம் இல்லாத ரோட்டுல போ. 50ல போயி மெதுவா அமுக்கி 10 வரைக்கும் கொண்டு வா, முழுசா நிறுத்தாத. கொஞ்சம் இடைவெளி விட்டு இதையே சில தடவ செய். புதுப் பேடு டிஸ்க்கோட பழகணும்

*ஞாயிறு, இரவு*

கார்த்தி: துறைமுகம் பைபாஸ்ல போயிட்டு வந்தேன். நேரா நிக்குது, எந்தப் பக்கமும் இழுக்கல. லேசா பெயிண்ட் வாடை வந்துச்சு

பெரிய மாமா: முதல் சூட்டுல வரத்தான் செய்யும், போயிரும். ரெண்டு முன்வீல் ரிம்மு பக்கமும் கைய வச்சுப் பாத்தியா? தொடாம, கிட்ட மட்டும்

கார்த்தி: பாத்தேன். ரெண்டு பக்கமும் ஒரே சூடு

பெரிய மாமா: அப்ப பின்னு நல்லா நகருதுன்னு அர்த்தம். ஒரு நூறு கிலோமீட்டர் ஓடுனதும் நட்டு எல்லாத்தையும் மறுபடி டார்க் வச்சுப் பாத்துரு. சங்கர், உன் வண்டியும் கடற்கரை ஓரம்தான நிக்குது? அடுத்த வாரம் வீலக் கழட்டி உள்பேட ஒரு படம் எடுத்து இங்க போடு

சங்கர் அத்தான்: போடுறேன் மாமா. ஸ்டாண்ட அனுப்பி விடு கார்த்தி

கார்த்தி: அது எதிர்வீட்டு அண்ணனோடது அத்தான். கேட்டுட்டுச் சொல்றேன்