லிஃப்ட் செய்த ஜிம்னி, ஸ்டியரிங் அலைகிறது: அட்ஜஸ்டபிள் ஆம் (arm) எது வாங்கலாம்?

வெள்ளவத்தை ஜிம்னி:

வணக்கம். ஒரு வாரமாக இதே யோசனையாக இருக்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

வண்டி 2004 சுசூகி ஜிம்னி ஜீப், ஜேபி43 மாடல். அப்பா ஓட்டியது, இப்போது என்னிடம். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் மறுபடி திறந்தபோது புது ஜீப்புகளின் விலையைக் கேட்டேன், கேட்டுவிட்டு இதையே ஒழுங்காக வைத்து ஓட்டுவது என்று முடிவெடுத்தேன். இரண்டு மாதத்துக்கு முன் 2 அங்குல லிஃப்ட் ஸ்ப்ரிங், நீளமான ஷொக், ஒரு அளவு பெரிய ரயர் எல்லாம் போட்டாயிற்று. மீமுரே பாதையில் அடி தட்டாமல் ஏறி இறங்கியது, அவ்வளவு சந்தோஷம்.

தார் றோட்டில்தான் பிரச்சினை. கொழும்பில் காலி வீதியிலிருந்து ஒரு ஒழுங்கைக்குள் திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதில்லை, நான்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் 80ஐத் தாண்டினால் வண்டியை ஒரு லேனுக்குள் வைத்திருப்பதே வேலையாகிவிடுகிறது. போன ஞாயிறு கொட்டாவையில் ஏறிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். பாலத்தின் மூட்டு ஒன்றில் ஏறி இறங்கியதும் முன்பக்கம் முழுவதும் உதறத் தொடங்கியது. 40க்குக் குறைக்கும்வரை நிற்கவில்லை. பின்சீட்டில் அம்மா இருந்தார். அன்றிலிருந்து அவர் வண்டியில் ஏறவில்லை.

அலைன்மெண்ட் தாளில் காஸ்டர் (சில்லு திரும்பும் அச்சின் பின்சாய்வு, பாகையில்) இடது மைனஸ் 0.4, வலது மைனஸ் 0.6. லிஃப்டுக்கு முன் எடுத்த தாளும் இருக்கிறது, அதில் 2.7, 2.5. "இந்த வண்டியில் காஸ்டரை மாற்ற வழி இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இணையத்தில் தேடி இரண்டு வகை அட்ஜஸ்டபிள் ஆம் (முன் அக்சிலைச் சேசியோடு பிடிக்கும் கம்பி, நீளத்தை மாற்றலாம்) பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு இரண்டு முனையிலும் ரோஸ் ஜொயின்ட் (எல்லாப் பக்கமும் திரும்பும் உலோக உருண்டை மூட்டு). மற்றதில் சேசி முனையில் மரை, அக்சில் பக்கம் பொலியூரத்தேன் புஷ் (போல்ட்டைச் சுற்றி இருக்கும் மெத்தை உறை). எதை வாங்கலாம்?

பேஸ்லைன் பட்டறை:

தம்பி, இன்னும் காசு அனுப்பவில்லைதானே? அனுப்ப வேண்டாம். இரண்டுமே உங்கள் பிரச்சினைக்கு மருந்து இல்லை.

படுத்துக்கொண்டு வண்டியின் ஆம் கம்பியை ஒரு தடவை பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரே இரும்புத் துண்டு. பின்முனை ஒரு போல்ட்டில் சேசியோடு, முன்முனை இரண்டு போல்ட்டில் அக்சிலோடு. இரண்டு போல்ட் பிடித்திருப்பதால் ஆம் சாய்ந்தால் அக்சிலும் சேர்ந்தே சாயும். வண்டியை உயர்த்தும்போது சேசி முனை மேலே போகிறது, அக்சில் ரயரில் நின்றபடியே நிற்கிறது. ஆம் முன்பக்கமாகச் சரிய, அக்சிலின் தலை முன்னால் கவிழ்கிறது. கிங்பின், அதாவது சில்லு இடம் வலம் திரும்பும் ஊசி, பின்னால் சாய்ந்து நின்ற அந்த இரண்டரைப் பாகைதான் உங்கள் காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதற்குத்தான். கையை எடுத்தாலும் சில்லு நேராக ஓடும். உங்கள் வண்டியில் அந்தச் சாய்வு போய்விட்டது.

இப்போது கணக்கு. ஆம் 70 சென்ரிமீற்றர், முதலில் நிலத்துக்குச் சமாந்தரமாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 5 சென்ரிமீற்றர் உயர்த்தினால் அது சுமார் 4 பாகை திரும்பும். அதே உயர்வில் அக்சில் பின்னால் இழுபடுவது 2 மில்லிமீற்றர்கூட வராது. நீங்கள் பார்த்து வைத்த ஆம்களில் மரை நீளத்தை மட்டுமே மாற்றும். 1 சென்ரிமீற்றர் வெளியே எடுத்தாலும் காஸ்டர் பாகையில் பத்தில் ஒரு பங்குகூட மாறாது. இல்லாத குறைக்குக் காசு கொடுத்துவிட்டு, இருக்கிற குறையோடு திரும்பி வருவீர்கள்.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்றால், வீடியோக்களில் காட்டுவது பெரும்பாலும் ஜீப் ரேங்ளர். அதன் முன் அக்சிலில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு தனி ஆம்கள். அங்கே மேல் ஆமைக் குறைத்தாலோ கீழ் ஆமைக் கூட்டினாலோ அக்சில் சுழலும், காஸ்டர் வரும். ஜிம்னி அப்படி இல்லை. பழைய டிஃபென்டர், பழைய பட்ரோல், 80 லேண்ட் குரூசர் எல்லாம் ஜிம்னியின் சாதிதான்.

முதலில் ஒன்று செய்யுங்கள். ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து பழைய அளவோடு ஒப்பிடுங்கள். 2 அங்குல ஸ்ப்ரிங் என்று விற்பது எல்லா வண்டியையும் 2 அங்குலம் தூக்காது.

தெஹிவளை நானா:

மேலே சொன்னது சரி. ஆனால் தம்பி சொன்னதில் இரண்டு வருத்தம் கலந்திருக்கிறது, பிரித்துப் பார்க்க வேணும். காஸ்டர் குறைந்தால் வண்டி அலையும், ஸ்டியரிங் திரும்பி வராது. முன்பக்கம் அப்படி உதறுகிறது என்றால் எங்கேயோ ஒன்று தளர்ந்தும் இருக்கிறது. பெரிய ரயரும் காஸ்டர் இல்லாததும் அதை வெளியே கொண்டுவந்துவிட்டன. காஸ்டரை மட்டும் சரிசெய்தால் உதறல் கொஞ்ச நாள் மறைந்து நின்று பிறகு வரும்.

வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே இருந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் சட்டுச்சட்டென்று அசைக்கட்டும். நீங்கள் முன்னால் குனிந்து லெட்ரல் ராட்டின் (அக்சில் பக்கவாட்டில் நகராமல் சேசியோடு பிடிக்கும் கம்பி) இரண்டு முனையையும் பாருங்கள். ரப்பர் கொஞ்சம் முறுக்குவது சரி. போல்ட் நகர்ந்தாலோ, ராட் முனை பக்கவாட்டில் துள்ளினாலோ சரியில்லை.

அப்புறம் கிங்பின். ஜாக் போட்டுச் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பெயரிங். நிற்காவிட்டால் கிங்பின் பெயரிங், அதை ஷிம் (மெல்லிய தகடு) வைத்து இறுக்க வேணும். நாங்கள் நக்கிளில் (கிங்பின்னில் திரும்பும் பாகம்) மீன் தராசைக் கொளுவி இழுத்துத்தான் இறுக்கம் பார்ப்போம். ரயர் பெலன்ஸும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஸ்டியரிங் டேம்பரை (ஸ்டியரிங்கின் உதறலை அடக்கும் ஷொக்) பெரிதாகப் போட்டால் சரிவரும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது நோயை மூடி வைக்கும். இதெல்லாம் முடியும்வரை அதிவேகப் பாதையில் ஏறவே வேண்டாம், உம்மா ஏறச் சம்மதித்தாலும்.

வெள்ளவத்தை ஜிம்னி:

அண்ணா, நானா, இரண்டு பேருக்கும் நன்றி. இன்று காலை முழுவதும் வண்டிக்குக் கீழேதான்.

முன்பக்கம் உயர்ந்தது 38 மில்லிமீற்றர். அண்ணாவின் 70 சென்ரிமீற்றர் கணக்கில் அது 3.1 பாகை. தாளில் நான் இழந்ததும் சரியாக 3.1! கிங்பின் இரண்டு பக்கமும் இறுக்கம். லெட்ரல் ராட்டை, என் தம்பி ஸ்டியரிங் அசைக்கும்போது பார்த்தேன். சேசிப் பக்க புஷ்ஷில் ரப்பர் உலோகத்தை விட்டுப் பிறை வடிவில் விலகியிருக்கிறது. ஒவ்வொரு அசைவுக்கும் அந்தப் பிறை திறந்து மூடுகிறது, உள்ளே செந்நிறத் துருத் தூள். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

தூக்குக் குண்டு கட்டி அளந்ததில் அக்சில் ஒரு பக்கமாக 6 மில்லிமீற்றர் தள்ளியும் இருக்கிறது. லெட்ரல் ராட்டை அட்ஜஸ்டபிளாக வாங்கிவிடலாமா? காஸ்டருக்கு ஒஃப்செட் புஷ்ஷா (துளை நடுவில் இல்லாதது), வளைத்துச் செய்த ஆம் கம்பியா?

பேஸ்லைன் பட்டறை:

லெட்ரல் ராட்டுக்கு அட்ஜஸ்டபிள் வாங்குங்கள், அங்கே நீளம்தான் வேலை. அதை மாற்றியதும் ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும், டிராக் லிங்கில் (ஸ்டியரிங்கிலிருந்து சில்லுப் பக்கம் போகும் கம்பி) சரிசெய்ய மறக்க வேண்டாம்.

காஸ்டருக்கு நான் இரண்டு வழியும் செய்திருக்கிறேன். ஒஃப்செட் புஷ் மலிவு. பஞ்சிகாவத்தையில் கேட்டுப் பாருங்கள், பிரெஸ் உள்ள கடையிலேயே அடித்துத் தருவார்கள். அக்சில் பக்க போல்ட் இரண்டுக்கும் இடைவெளி 15 சென்ரிமீற்றர் என்றால், ஒரு துளையை 4 மில்லிமீற்றர் மேலேயும் மற்றதைக் கீழேயும் தள்ளினால் 3 பாகை வந்துவிடும். இதில் இரண்டு கவனம். துளை நடுவில் இல்லாததால் ஒரு பக்கம் புஷ்ஷின் சுவர் மெலிந்துவிடும், அந்தப் பக்கம் சீக்கிரம் தேயும். மற்றது, திசை. தலைகீழாக அடித்தால் இருக்கிற காஸ்டரும் அதே அளவு இன்னும் குறையும். அப்படி ஒரு வண்டி என்னிடம் வந்தது, மைனஸ் 3க்கு மேல் காட்டியது. அடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

வளைத்துச் செய்த ஆமில் சாய்வு இரும்பிலேயே இருக்கிறது, புஷ் முழு ரப்பராகப் போடலாம். ஜிம்னிக்கு இது முக்கியம். ஒரு சில்லு ஏறி மற்றது இறங்கும்போது, அக்சிலில் இரண்டு போல்ட்டால் பிடித்த ஆம் முறுகிக் கொடுப்பது அந்த ரப்பரால்தான். கடினமான பொலியூரத்தேன் போட்டால் முறுகாது. சில்லு சீக்கிரம் அந்தரத்தில் தூக்கும், பாரம் அக்சில் பிரக்கெட்டின் வெல்டிங்குக்குப் போகும். ரோஸ் ஜொயின்ட் முறுகும், ஆனால் சேற்றில் தேய்ந்து, தினமும் காலி வீதியில் கடகடவென்று சத்தம் போடும். உங்களைப் போல வேலைக்கும் மலைக்கும் ஒரே வண்டி என்றால் வளைந்த ஆம், ரப்பர் புஷ். என் சொல் அதுதான். பழைய ஆம் கம்பியை வெட்டி வெல்டிங் செய்து தருகிறேன் என்று எந்த பாஸ் (மெக்கானிக்) சொன்னாலும் கொடுக்க வேண்டாம், அது முறிந்தால் வண்டி உங்கள் பிடியில் இருக்காது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அக்சிலைப் பின்னால் சுழற்றும்போது டிஃப்பின் (அக்சில் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) மூக்குக் கீழே போகும், அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் முன் ஷாஃப்டின் கோணம் கூடும். ஜேபி43இல் டூ வீலில் ஓடி ஹப் விடுபட்டிருக்கும்போது அந்த ஷாஃப்ட் சுழலாது, அதனால் சாதாரண ஓட்டத்தில் தெரியாது. ஃபோர் வீலில் வேகமாகப் போனால் அதிர்வு வரலாம். ஆகவே காஸ்டரை அளவுக்கு மேல் ஏற்ற ஆசைப்பட வேண்டாம், பழைய எண்ணுக்குக் கொஞ்சம் குறைவாக நின்றாலே போதும்.

கொட்டாஞ்சேனை பிராடோ:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். பிராடோ 120, 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே உயர்த்தியிருக்கிறேன். எனக்கும் காஸ்டர் வரவில்லை. இதே பதில்தானா?

பேஸ்லைன் பட்டறை:

இல்லை, உங்களுடையதில் முன்னால் முழு அக்சில் இல்லை, ஒவ்வொரு சில்லுக்கும் மேல் ஆம், கீழ் ஆம் தனித்தனி. கீழ் ஆமின் கேம் போல்ட் (திருப்பினால் ஆமின் இடத்தை மாற்றும் போல்ட்) கடைசி வரை போய்விட்டதா என்று பாருங்கள். போயும் காஸ்டர் போதவில்லை என்றால் மேல் ஆமை மாற்ற வேண்டும், அங்கே அட்ஜஸ்டபிள் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. சில்லு முழுக்கத் தொங்கும்போது ஆம் ஸ்ப்ரிங்கில் உரசாததா என்று கேட்டு வாங்குங்கள்.

வெள்ளவத்தை ஜிம்னி:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன்.

முதலில் லெட்ரல் ராட்டை மட்டும் மாற்றினேன், நானா சொன்னதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே. உதறல் அன்றோடு நின்றது. அதே பாலத்தின் மூட்டில் அதிகாலையில் தனியாகப் போய் 60இல், பிறகு 70இல் ஏறினேன், ஒன்றும் இல்லை. அலைச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

போன கிழமை 3 பாகை வளைந்த ஆம் வந்து சேர்ந்தது. பூட்டும்போது போல்ட்டுகளைக் கையிறுக்கத்தில் விட்டு, வண்டியை நாலு சில்லிலும் இறக்கி இரண்டு தடவை முன்பக்கத்தை அமுக்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுகின நிலையிலேயே உட்கார்ந்து கிழியும் என்று கராஜ் பாஸ் சொன்னார். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் சில்லு முழுக்கத் தொங்கினாலும் இழுபடவில்லை. தாளில் இடது 2.4, வலது 2.2. ஃபோர் வீலில் 60 வரை அதிர்வு இல்லை.

நேற்று அம்மாவோடு காலி வரை போய் வந்தேன். ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருகிறது. வெலிப்பன்ன தாண்டியதும் அம்மா தூங்கிவிட்டார்.

தெஹிவளை நானா:

மாஷா அல்லாஹ், சந்தோஷம். 500 கிலோமீற்றரில் எல்லா போல்ட்டையும் இன்னொரு தடவை இறுக்குங்கள். லெட்ரல் ராட்டின் லொக் நட்டில் கிரீஸ் பூசி, நட்டுக்கும் ராட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள். நட் அசைந்தால் கோடு விலகிக் காட்டும்.